நல்ல நெகட்டிவா, கெட்ட நெகட்டிவா?

நேற்று சின்னவள் பள்ளிக்கூட அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அழுதபடியே வந்தாள். அட்டையில் ரத்த குரூப் அச்சடித்திருந்தார்கள். இருவருக்குமே ஓ. பெரியவனுக்கு அதன் பக்கத்தில் பிளஸ், இவளுக்கு மைனஸ்.

"அண்ணனுக்கு சிலுவ போட்டிருக்காவ, எனக்கு வெறும் கோடு!"

பெரியவன் சும்மா இருப்பானா? "ஏளா, உன் ரத்தத்துல என்னமோ கொறயுதுளா" என்றான். அழுகை இன்னும் கூடிவிட்டது.

பெரியவனே, நீதான் எழுத்துக்கூட்டி வாசிப்பாய். இதைத் தங்கச்சிக்கு வாசித்துக் காட்டு. அந்தக் கோட்டின் கதை உன்னிடமிருந்துதான் ஆரம்பிக்கிறது.

நீ அம்மா வயிற்றில் இருந்தது கொரோனா காலம். நான் அப்போதும் துறைமுகத்துக்கு டிரெய்லர் லாரிதான் ஓட்டினேன். கேட்டில் மூக்குக்குள் குச்சியை விட்டுப் பார்ப்பார்கள். நெகட்டிவ் என்றால் உள்ளே போகலாம். பாசிட்டிவ் என்றால் லாரி ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். அந்த நாளில் நெகட்டிவ் என்ற சொல் காதில் விழுந்தாலே கும்பிடத் தோன்றும்.

அப்படி இருக்கும்போது ஆஸ்பத்திரியில் சிஸ்டர் வந்து, "உங்க வீட்டம்மாவுக்கு நெகட்டிவ்" என்றார். நான் வேறெதுவும் கேட்கவில்லை. நேரே பேக்கரிக்குப் போய் மக்ரூன் வாங்கிவந்து டாக்டரம்மா மேசையில் வைத்தேன்.

"என்ன விசேஷம் அண்ணாச்சி?"

"நெகட்டிவ்னு சொன்னாவல்லா டாக்டரம்மா!"

அவர் மாஸ்க் குலுங்கியது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சிஸ்டர் சொன்னது கொரோனாவை இல்லையாம், ரத்த குரூப்பையாம்.

"சரி, உங்க குரூப் என்ன?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"நானும் நெகட்டிவ்தான். நேத்துதான கேட்ல பாத்தாவ."

"ஏங்க, வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரிங்க. வெரல நீட்டுங்க" என்றாள் அம்மா.

விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் வாசலில் நின்று, "அண்ணாச்சி, உங்களுக்குப் பாசிட்டிவ்!" என்று சத்தம் போட்டார். என் பெஞ்சில் இருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து ஓடினார்கள். அவர்கள் ஓடுவதைப் பார்த்து நானும் எழுந்து ஓடினேன்.

அதன் பிறகுதான் டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். ரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்களில், துறைமுக பாஸ் மாதிரி, டி என்று ஒரு அடையாளம் உண்டு. அது இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். அம்மாவிடம் அது இல்லை, என்னிடம் இருக்கிறது. பிள்ளைக்கும் அது வரலாம். பிரசவத்திலோ, கரு கலையும்போதோ பிள்ளையின் ரத்தம் கொஞ்சம் அம்மா ரத்தத்தில் கலந்துவிட்டால், அம்மா உடம்பு கேட் காவலாளி மாதிரி அந்தப் பாஸைப் பார்க்கும். 'இது நம்ம ஆள் இல்லையே' என்று ஆன்டிபாடி என்ற ஆட்களைத் தயார் செய்துவிடும். அடுத்த பிள்ளை அதே பாஸோடு வந்தால் அவர்கள் பாய்ந்து அதன் ரத்தத்தை உடைப்பார்கள். காவலாளியைக் குற்றம் சொல்ல முடியாது. வந்திருப்பது சொந்தப் பிள்ளை என்று அவனுக்குத் தெரியாது.

"இதுக்கு முன்னால குழந்த தங்கியிருக்காம்மா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். உனக்கு முன்னால் ஒன்று வந்து, தங்காமல் போய்விட்டது. குரூப் பார்க்க வேண்டும், ஊசி போட வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. ஆன்டிபாடி இன்னும் உண்டாகாமல் இருந்தால் ஊசி போட்டுத் தடுத்துவிடலாம். உண்டாகியிருந்தால் அந்த ஊசி உதவாது, பிள்ளைக்கு ஆபத்து வரலாம், பிறக்கும்வரை விடாமல் பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. அது உண்டாகியிருக்கிறதா என்று பார்க்கவும் ரத்தம் எடுத்தார்கள்.

பைக்கில் திரும்பும்போது அம்மா என் முதுகில் குத்தினாள். "பாத்தியளா? என் ரத்தத்துக்குக்கூட உங்க வீட்டு ஆளுகளக் கண்டா ஆக மாட்டேங்கு."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். உப்பளம் தாண்டிய பிறகு அவள் ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கை வயிற்றின் மேலேயே இருந்தது.

ரிசல்ட் வந்த அன்று டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, "நெகட்டிவ்" என்றார்.

எனக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்றே தெரியவில்லை. "டாக்டரம்மா... இது நல்ல நெகட்டிவா, கெட்ட நெகட்டிவா?"

"நல்ல நெகட்டிவ் அண்ணாச்சி. ஆன்டிபாடி இல்ல. ஊசி போட்டுரலாம்."

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன பாத்துக்கிட்டு நிக்கிய? இப்பப் போயி வாங்குங்க மக்ரூன!"

பிறகு நீ பிறந்தாய். உடனே உன் குரூப்பைப் பார்த்தார்கள். என்னை மாதிரி பிளஸ். அதனால் அம்மாவுக்கு மறுபடியும் ஒரு ஊசி போட்டார்கள். காவலாளி கண் முழிக்கவே இல்லை. அடுத்து வந்த தங்கச்சியோ அம்மாவின் மைனஸ் கோட்டையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

சின்னவளே, உன் ரத்தத்தில் ஒன்றும் குறையவில்லை. பெரியவளாகி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், அவர்கள் கேட்கும் முன்னால் நீயே சொல்லிவிடு: "எனக்கு ஓ நெகட்டிவ்."

அடுக்களை அலமாரியில் மக்ரூன் பொட்டலம் இருக்கிறது. பங்கு போடும் உரிமை கோட்டுக்காரிக்கு. சிலுவைக்காரன் கையை நீட்டிக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.