போலீஸ் பிரதியில் இல்லாத வசனம்

இன்று ஆம்பூர் பஸ்ஸில் நடந்தது.

பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு ஒட்ட வெட்டிய தலை, போலீஸ் பூட்ஸ். என்னைப் பார்த்து மெல்லச் சொன்னார்:

"தொட்டியில ஊறுறது தோல் மட்டுமா முதலாளி, எங்க காலுந்தான்."

தோல் பதனிடும் தொழிலாளர்களைப் பற்றி நான் இயக்கும் நாடகத்தின் வசனம். நேற்று ஒத்திகையில் சேர்த்தது. அனுமதிக்காக ஸ்டேஷனில் கொடுத்த பிரதியில் கிடையாது.

"இன்னா சார், இப்டி வேர்க்குது? நேத்து ஜன்னலாண்ட நின்னு கேட்டேன். எங்கப்பாவும் தொட்டியில நின்னவருதான். நாளைக்கு நாடகத்துக்கு அவரையும் கூட்டிட்டு வர்றேன். அந்த வசனத்தை எடுத்துடாதீங்க."

எனக்கு மூச்சு வந்தது.

இறங்கும்போது திரும்பினார்.

"பிரதியை வச்சிக்கினு முன்வரிசையில சரிபார்க்கற டூட்டியும் எனக்குத்தான்."

வசனத்தை வைக்கவா, எடுக்கவா? ஜாமீன் கொடுக்கத் தயாரானவர்கள் மட்டும் கருத்துச் சொல்லவும்.