தலையில் வைக்காத கை

என் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்ல வந்திருக்கிறேன். மனிதர் செய்ததையும் சொல்லாமல் விட மாட்டேன். கோபமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபத்தாறாம் வருஷம், மழை பிடிப்பதற்கு முன். உடும்பஞ்சோலைப் பக்கம் நாங்கள் கூலி வேலை பார்த்த ஏலக்காய்த் தோட்டத்தில் நிழல் மரங்களுக்குக் கிளை கழிக்கும் வேலை நடந்தது. வேலையை மேற்பார்த்த கங்காணி என் கணவரின் கூடப்பிறந்த அண்ணன். மத்தியானம் அவரே என் கணவரைக் கைத்தாங்கலாக லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்.

"உன் புருசன் திரும்பவும் குடிக்க ஆரம்பிச்சிட்டான் எஸ்தரு. காட்டுக்குள்ள விழுந்து கெடந்தான். தூங்கட்டும், தெளிஞ்சிரும்."

ஞானஸ்நானம் எடுத்ததிலிருந்து என் கணவர் சாராயத்தைத் தொட்டதில்லை. இப்போதோ வாய் குழறுகிறது, வாந்தி எடுக்கிறார், எழுப்பினால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்குகிறார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. முகர்ந்து பார்த்துவிட்டு அண்ணனிடம் கேட்டேன்.

"சாராய வாடையே இல்லையே அத்தான்?"

"அப்ப கஞ்சா போட்டிருப்பான். வெளிய சொல்லாத, மானம் போயிரும். சாயங்காலம் ஜெபம் பண்ணிருவோம்."

சொந்த அண்ணன் சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்?

சாயங்காலம் சபையார் வந்து, குடியிலிருந்து விடுதலை கேட்டுச் சத்தமாக ஜெபித்தார்கள். அந்த ஜெபம் என் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, இவருக்கு என்ன ஆயிற்று என்று எனக்குக் காட்டும்" என்று மட்டும் கேட்டேன். அழுகை தாங்காமல் கண்ணைத் திறந்தேன். உபதேசியார் என் கணவரின் நெற்றியில் கை வைத்திருந்தார். அண்ணனின் கை தோளில் இருந்தது. யாருக்கு ஜெபித்தாலும் உச்சந்தலையை அழுத்திப் பிடித்து உலுக்குகிற மனிதர் அவர்! அவர் ஜெபித்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும் என்று பெண்கள் நாங்கள் கேலி பேசுவோம். இன்றைக்கு மட்டும் ஏன் தோள்?

என் கணவரின் முடிக்குள் விரலை விட்டுத் தடவினேன். வலது காதுக்கு மேலே பொதபொதவென்று வீங்கியிருந்தது. தொட்டதும் முனகினார்.

"அத்தான், உங்களுக்குத் தெரியும். ஏன் தலையில கை வைக்கல?"

ஜெபம் நின்றுவிட்டது. அண்ணன் தோளிலிருந்து கையை எடுத்தார்.

"கிளை லேசாத்தான் பட்டுச்சு தாயி. எந்திரிச்சு நல்லாத்தான் நடந்தான். தோட்டத்துத் தொரைக்குத் தெரிஞ்சா என் வேலை போயிரும்."

கீழே தம்பி நிற்கும்போதே மேலே வெட்டச் சொன்னதும் அவர்தான் என்று கூட வேலை செய்தவர்கள் பிறகு சொன்னார்கள். பாவி மனுஷன்!

உபதேசியார் ஓடிப்போய் ஜீப் பிடித்து வந்தார். மலை இறங்கி மதுரைக்குக் கொண்டுபோனோம்.

"மண்டைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கும்மா. வெளிய காயம் இல்லைன்னா உள்ளேயும் ஒண்ணுமில்லைன்னு நினைச்சிரக் கூடாது" என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்தார்கள். ஆண்டவர் என் கணவரைத் திருப்பித் தந்தார். இடது கை மட்டும் இன்னும் சரியாக வழங்கவில்லை.

அடிபட்ட நாள் அவருக்குத் துளிகூட ஞாபகமில்லை. ஊர் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சபையில் எழுந்து, தன் ஜெபத்தால் தம்பி பிழைத்தான் என்று சாட்சி சொன்னார். உண்மை தெரிந்தவர்களும் சேர்ந்து ஸ்தோத்திரம் சொன்னார்கள். என் கணவர் அழுதுகொண்டே அவரைக் கட்டிப்பிடித்தார். வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் சொன்னேன். "அண்ணன் அப்படிச் செய்யாது எஸ்தரு" என்று என்னைத்தான் கண்டித்தார்.

அன்பானவர்களே, ஆண்டவரிடம் கேட்டுப் பாருங்கள், அவர் காட்டுவார். ஆனால் தலையில் அடிபட்டவர் எழுந்து நடந்தாலும் நம்பி விட்டுவிடாதீர்கள். வாந்தி எடுத்தால், பேச்சுக் குழறினால், எழுப்ப எழுப்பத் தூங்கினால், போதை என்று முடிவுகட்டாதீர்கள். ஜெபித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கிளை வெட்டும்போது கீழே யாரையும் நிற்கவிடாதீர்கள்.

முன்பெல்லாம் யார் ஜெபித்தாலும் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொல்வேன். இப்போது தினமும் குடும்ப ஜெபத்தில் என் கணவர் முதலில் அண்ணனுக்காகத்தான் நன்றி சொல்கிறார். உயிரோடு அந்தக் குரலைக் கேட்கிறேனே என்று ஆண்டவரைத் துதிக்கிறேன். ஆமென் மட்டும் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. அதற்காக நீங்கள் எனக்காக ஜெபியுங்கள்.