கபூர் காக்காட ரெண்டு சிப்பு

“ஒரு சிப்ப ரெண்டு காதுக்கும் பங்கு போட்டா பாட்டு எப்பிடிப் புள்ள பாட்டாக் கேக்கும்?”

கபூர் காக்கா இதச் சொல்லாத நாளில்ல. ஓட்டமாவடியில ரேடியோ, சீடி பிளேயர் திருத்திற முஸ்லிம் ஆள், ஊருக்கே காக்கா, அண்ணன் மாதிரி. தேத்தண்ணி கொண்டு வாறவனையும் விடமாட்டார். சீடியில எண்ணாக் கிடக்கிறதச் சத்தமா மாத்திற சிப்பு மலிவுப் பிளேயர் பெட்டியில ஒண்டுதானாம். நல்ல பெட்டியில இடக்காதுக்கு ஒண்டு, வலக்காதுக்கு ஒண்டாம். எனக்கு உப்புப் புளி தெரியும், சிப்பப் பத்தி என்னத்தத் தெரியும்?

நாங்க பனிச்சங்கேணி. சுனாமியில எங்கட மகள் சர்மிலா போயிற்றாள். அதுக்கு ரெண்டு வருசம் கழிச்சுச் சண்டையில விழுந்த செல்லுக் குண்டுல என்ட மனிசன்ட, அவள்ட அப்பாட, இடக்காது செத்துப் போச்சு. வலதும் அரைவாசிதான், ஹெட்போன் போட்டாத்தான் கேக்கும். மகள் சித்தாண்டிக் கோயில்ல பாடின சீடி ஒண்டு தங்கச்சி வீட்ட இருந்ததால தப்பிச்சுது. அதக் காக்காட கடைக்குக் கொண்டு போய்ப் போட்டுப் பாத்தம். மனிசனுக்கு ஆர்மோனியம் கேக்குது, புள்ளட குரல் கேக்கல்ல.

காக்கா ஹெட்போன வாங்கித் தன்ட காதுல போட்டுப் பாத்தார். “எனக்குக் கேக்குதே! ஒத்தச் சிப்பு, சத்தத்தத் திங்குது.”

“உங்கட பெட்டிக்குத் திங்க என்ட புள்ளதானா கிடச்சாள்?” எண்டு ஏசிப்போட்டு வந்தன்.

சண்ட முடிஞ்ச வருசம் கொழும்புக்குப் போய், எங்களுக்கெண்டே ரெண்டு சிப்புப் பெட்டி ஒண்டு தேடிக் கொண்டு வந்தார். போட்டா, மறுகாவும் ஆர்மோனியம் மட்டும். மனிசன் ஹெட்போனக் கழட்டி மடியில வச்சிற்றுக் குனிஞ்சிற்றார்.

காக்காட முகம் கறுத்துப் போச்சு. பெட்டியத் திறந்து காட்டினார். “பாரு புள்ள, இது இடக்காதுக்கு, இது வலக்காதுக்கு. ஒண்டோட ஒண்டு கலக்காது.”

“அப்ப என்ட புள்ள எந்தக் காதுல பாடுறாள்?”

போட்டுக் கேட்டார். “இடத்துல மட்டும்தான். ரெக்கோட் பண்ணினவன் அப்பிடிப் போட்டிரிக்கான்.”

“இவருக்கு இடக்காது செத்து மூண்டு வருசம் காக்கா!”

ஹெட்போனப் பறிச்சு, இடம் வலம் மாத்தி மனிசன்ட தலையில போட்டு விட்டன். வலக்காதுல புள்ள பாடினாள். என்ட கையப் பிடிச்சவர், பாட்டு முடியுமட்டும் விடல்ல.

மறுகா காக்கா பழய ஒத்தச் சிப்புப் பெட்டியிலயும் போட்டார். அதிலயும் பாடினாள். தான் கண்ண மூடிக்கொண்டு, ரெண்டு பெட்டியையும் என்னய மாறி மாறிப் போடச் சொன்னார். பாடுறது எந்தப் பெட்டியெண்டு அஞ்சு தரத்துல மூண்டு தரம் பிழையாச் சொன்னார்.

“வல்லாஹி, அல்லாஹ் மேல சத்தியமா, எனக்கே வித்தியாசம் தெரியல்ல புள்ள.”

எந்தக் கடக்காரன் இப்பிடிச் சொல்லுவான்? ஒரு காதுலயே முழுப்பாட்டும் கேக்கிற மாதிரி வயரையும் மாத்தித் தந்தார். அந்தச் சிப்புக் கதைய அவர் ஓயாமச் சொல்லாட்டி, ரெண்டு காதுக்கும் வேற வேற போகுதெண்டு எனக்கு எங்க தெரியப்போகுது? அவர் நல்லா இரிக்கணும்.

அடுத்த கிழமை போனா, “ஒரு சிப்ப ரெண்டு காதுக்கும்...” எண்டு தொடங்கிற்றார்!

ஓட்டமாவடிப் பக்கம் போனீங்கெண்டா ஒருக்கா அவரப் போய்ப் பாருங்க. கதைய இடையில வெட்டாம முழுசாக் கேட்டுப்போட்டு வாங்க.