டென்மார்க்கின் முதல் பாட்டு

வேலை முடிந்து அப்பா கதவைத் திறக்கும்போதே வீடெல்லாம் புதினா மணக்கும். டென்மார்க்கின் வைலே நகரில் சுவிங்கம் செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. எவ்வளவு தோய்த்தாலும் அந்த மணம் அவருடைய மேற்சட்டையை விட்டுப் போகாது. நான் மூன்றாம் வகுப்புப் படித்த அந்த மாரிகாலத்தில், அப்பா சட்டையைக்கூட மாற்றாமல் நேரே குசினிக்கு வந்து, வேலையிடத்தில் இயந்திரத்தருகே நின்றபடி மனதில் கட்டிய வரிகளைச் சொல்லுவார். அம்மா அடுப்பருகே வெங்காயம் வெட்டியபடியே மெட்டுப் போடுவார். அக்கா மதுரா அதைப் பாடிக் காட்டுவாள்.

ஐரோப்பாவில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக ஜேர்மனியில் ஒரு பாட்டுப் போட்டி நடந்துவந்தது. ஒவ்வொரு நாடும் சொந்தமாகக் கட்டிய பாட்டோடு வரவேண்டும். டென்மார்க் அதுவரை போனதில்லை. முதன்முதலாகப் போவதற்கு அக்காவைத் தெரிந்தெடுத்தபோது, எஸ்பியர்க், கோல்டிங் நகரங்களிலிருந்தெல்லாம் தொலைபேசி எடுத்து, "எங்கட நாட்டின்ர பேர் உன்ர கையில பிள்ளை" என்றார்கள் அங்குள்ள தமிழ்ப் பெரியவர்கள். அவர்கள் டென்மார்க்கை "எங்கட நாடு" என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கடற்கரையில் வீசும் ஈரக்காற்றைப் பற்றி அப்பா கட்டிய அந்தப் பாட்டை அக்கா மேடையில் ஓரிடத்திலும் பிசகாமல் பாடி முடித்தாள். நடுவர் ஒருவர் ஒலிவாங்கியை எடுத்தார்.

"பாட்டும் நல்லம், குரலும் நல்லம். ஆனா பிள்ளையின்ர 'ர' மட்டும் தொண்டைக்குள்ள சிக்கிப்போச்சு. ஆராவது கொஞ்சம் தண்ணி குடுங்கோ."

டேனிஷ் பேசிப் பழகியவர்களுக்கு 'ர' தொண்டையிலிருந்துதான் வரும். மண்டபம் சிரித்தது. முன்வரிசையில் இருந்த அப்பாவும் சிரித்தார். சபையில் என்ன செய்வதென்று தெரியாமல் வந்த சிரிப்பு அது என்று இப்போது எனக்கு விளங்குகிறது. மேடையில் நின்ற பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது விளங்க நியாயமில்லை.

திரும்பி வரும்போது காரில் அப்பா, "அவர் பகிடிக்குச் சொன்னவர், மனசில வைக்காதை" என்றார்.

"நீங்களும் சிரிச்சனீங்கள்" என்றாள் அக்கா, டேனிஷில்.

அதன்பிறகு அக்கா எங்கேயும் பாடவில்லை. அடுத்த போட்டிக்குக் கோல்டிங்கிலிருந்து ஒரு பையன் போனான். அவனுக்கொரு பாட்டுக் கட்டித் தரும்படி கேட்டு வந்தவர்களிடம் அப்பா, "எனக்கு இனி வராது" என்றுவிட்டார்.

போன வருடம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அவர் என்னிடம், "அண்டைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றார்.

"அதை அக்காவிட்டச் சொல்லுங்கோவன் அப்பா."

"ஓம், வீட்ட போய் ஆறுதலாச் சொல்லுவம்."

சொல்லாமலே போய்விட்டார். செத்தவீடு முடிந்தபின் நான்தான் அக்காவிடம் சொன்னேன். கழுவிய கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தவள் கையிலிருந்ததை அலமாரியில் வைத்தாள். "அவர் வந்து கேட்டிருந்தா, நான் அந்தப் பாட்டைப் பாடியிருப்பன்" என்றாள், இம்முறை தமிழில்.

அந்தப் போட்டி நின்று பல காலம். அப்பா ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை. அம்மாவிடம் மெட்டு மட்டும் இருக்கிறது, எனக்கு முதலடிக்குமேல் வராது. முழுப் பாட்டும் அக்காவுக்குத் தெரியும். அவளுடைய பிள்ளைகள் அதைக் கேட்டதில்லை.