லாரேயின் கட்டிலும் ஆர்வெலின் வண்டியும்

லாரே ஸ்டாடர்ட் ஐடஹோவில் முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். எத்தனையோ பனிக்காலம் பஸ்ஸைச் சறுக்கவிடாமல் கொண்டுபோனவளுக்கு, ஓய்வு பெற்ற மறு வருஷமே முதுகு சறுக்கிக்கொண்டது.

ஆகஸ்ட் மாதம் ஸ்டாடர்ட் குடும்பம் முழுவதும் மூஸ் ஏரிக் கரையில் கூடும். லாரேயின் அக்கா வெர்டா வருஷத்தில் அந்த ஒரு முறைதான் அரிசோனாவிலிருந்து வருவாள். அக்காவும் தங்கையும் வாழ்க்கைப்பட்டது ஒரே குடும்பத்தில், அண்ணன் தம்பி பிள்ளைகளுக்கு. லாரேயின் புருஷன் ஆர்வெல் மூத்தவர் ஹைரமின் மகன். வெர்டாவின் புருஷன் பிளேன் இளையவர் ஆர்சனின் மகன். வெர்டாவுக்கு எண்பது நெருங்குகிறது. இனி எத்தனை ஆகஸ்ட் வாய்க்குமோ என்று லாரேக்கு உள்ளூரக் கவலை.

போன வருஷம் கூடாரத்தில் தரையில் படுத்தவளால் காலையில் எழமுடியவில்லை. மூன்று பேர் சேர்ந்து, நனைந்த சாக்கைத் தூக்குவதுபோல் தூக்கி நிறுத்தினார்கள். அன்றைக்கே ஆர்வெலிடம் சொல்லிவிட்டாள், அடுத்த வருஷம் கட்டிலும் கூரையும் இருந்தால் வருவேன், இல்லையென்றால் வரமாட்டேன் என்று.

அந்த மலைப்பாதையில் பின்னால் கட்டி இழுக்கும் கூண்டு வண்டி திரும்பாது. வண்டிமேல் ஏற்றிப்போகும் கேம்பர் என்ற பெட்டி அறை உயரமாக இருந்தால் பைன் மரக்கிளைகள் வழித்தெடுத்துவிடும். பிக்கப் வண்டியின் திறந்த பின்தட்டில் உட்காரும், கூரை மடங்கும் கேம்பர்தான் தோது. போய்ச் சேர்ந்ததும் கைப்பிடியைச் சுற்றினால் கூரை எழும்பும், உள்ளே கட்டில் இருக்கும். இதைத் தேர்ந்தெடுக்க ஆர்வெலுக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் ஆனது. சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லாமல் விளம்பரத் தாள்கள் பரப்பியிருந்தான். துணிச்சுவரா தகரச்சுவரா என்று ஒரு மாதம். குளிர்பெட்டி சின்னதா பெரிசா என்று ஒரு மாதம். பாய்சியில் கடை கடையாக ஏறிப் படுத்துப் பார்த்தான். எந்தக் கட்டிலிலும் அவன் கால் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பொறுமை போய் லாரே சொன்னாள்: "முதுகு எனக்குத்தான் வலிக்குது. கால நீ மடக்கிக்க."

கடைசியில் பொகடெல்லோவில் ஒருவர் நன்றாக வைத்திருந்த பழைய கேம்பர் அமைந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முற்றத்தில் நான்கு இரும்புக் கால்களில் நின்று, இனி வாங்கப்போகும் வண்டிக்குக் காத்திருந்தது.

வினை வந்தது அந்த வண்டியில்தான். ஸ்டாடர்ட் குடும்பத்தில் பெண்ணைக்கூட வெளியே பார்ப்பார்கள், பிக்கப்பை ஒரே கம்பெனியில்தான் எடுப்பார்கள். ஆர்வெலின் தாத்தா அந்தக் கம்பெனி, அப்பா ஹைரம் அந்தக் கம்பெனி. சித்தப்பா ஆர்சன் ஒரு முறை எதிர்க் கம்பெனி வண்டி வாங்கிவந்தார். ஹைரம் கூடப்பிறந்தவர் வீட்டு வாசலை இரண்டு வருஷம் மிதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தும் பேச்சு இல்லை. ஆர்சன் மகன் பிளேன் இன்றுவரை எதிர்க் கம்பெனிதான் ஓட்டுகிறான். அவன் வண்டி ஏரிக்கரைக்கு வந்தால் ஆர்வெல் மூக்கைப் பிடித்துக்கொள்வான். நாற்பது வருஷமாக அதே கேலி.

ஆர்வெலின் அத்தை மகன் ரூலன் அந்தக் குடும்பக் கம்பெனி வண்டிகளை விற்பவன். அவனிடம் போனார்கள். தோல் இருக்கை, சூடேறும் இருக்கை, கண்ணாடிக் கூரை எல்லாம் வைத்த ஒரு சிவப்பு வண்டியைக் காட்டினான். எவ்வளவு இழுக்கும் என்று ஆர்வெல் கேட்டான். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைகள் பிக்கப்பைப் பற்றிக் கேட்கும் ஒரே கேள்வி அதுதான். பதினோராயிரம் பவுண்டு என்றான் ரூலன்.

"நாம இழுக்கப் போறதில்லையே, சுமக்கத்தானே போறோம்?" என்றாள் லாரே.

"பத்து மாட்ட இழுக்கற வண்டி ஒரு கன்னுக்குட்டியச் சுமக்காதா?" என்றான் ஆர்வெல். ரூலன் சிரித்தான். லாரேக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசிப் பேசி அவளுக்கும் அலுத்துப் போயிருந்தது. அன்றைக்கு விட்டுக்கொடுத்ததை நினைத்துப் பின்னால் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஆகஸ்ட் பிறந்ததும், வாங்கிவந்த அந்தச் சிவப்பு வண்டியில் கேம்பரை ஏற்றினார்கள். தண்ணீர் நிரப்பி, காஸ் உருளை வைத்து, ஆர்வெல் பீச் பழப் பலகாரம் சுடும் நான்கு இரும்புச் சட்டிகளையும் அடுக்கினார்கள். வண்டியின் பின்பக்கம் முட்டையிடப் போகும் கோழி மாதிரி உட்கார்ந்துவிட்டது. முன்விளக்கு வானத்தைப் பார்த்தது.

லாரே ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டைப் படித்தாள். ஆட்களும் சாமானும் சேர்ந்து இந்த வண்டி எவ்வளவு தாங்கும் என்று அதில் போட்டிருக்கும். ஊர்க் குப்பைக் கிடங்கின் எடைமேடைக்குக் கொண்டுபோய் நிறுத்துப் பார்த்தார்கள். கேம்பர், தண்ணீர், காஸ் போக மிச்சம் இருநூறு பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். ஆர்வெல் மட்டுமே இருநூற்றெழுபது. ஆளை எங்கேயாவது கணக்கில் சேர்ப்பார்களா என்று அவன் சண்டை பிடித்தான். சூடேறும் இருக்கையும் கண்ணாடிக் கூரையும் தின்றது போக நமக்கு மிஞ்சியது இவ்வளவுதான் என்றாள் அவள்.

ரூலனுக்குப் போன் போட்டார்கள். ஸ்பிரிங் ஒன்று சேர்த்தால் பின்பக்கம் நிமிரும் என்றான். தாங்கும் எடை கூடுமா என்று லாரே கேட்டாள். கூடாது என்று இழுத்தான். வண்டியைத் திருப்பிக் கொடுத்தால் பெரிய நஷ்டம் என்றும் சொன்னான். அவன் கடைக்கு எதிர்வரிசையில், ஒரு ஆடம்பரமும் இல்லாத பழைய முரட்டு வண்டி ஒன்று விற்பனைக்கு நின்றது. இந்தக் கேம்பரை ஆளோடும் சட்டியோடும் சேர்த்துச் சுமக்கும். ஆனால் எதிர்க் கம்பெனி.

"எங்கப்பா குழிக்குள்ள புரண்டு படுப்பாரு," என்றான் ஆர்வெல்.

"அவருக்கு முதுகுவலி இல்ல, புரளட்டும். வலிக்கறது எனக்கு."

"பாரம் கொஞ்சம் கூடினா என்ன? எல்லாரும் அப்படித்தான் போறாங்க."

"ஊரார் புள்ளைங்கள முப்பது வருஷம் பத்திரமா இறக்கிவிட்டவ நான். பாரம் தாங்காத வண்டியில உன்ன ஏத்திக்கிட்டு அந்த மலைய இறங்க மாட்டேன். போகணும்னா நான் ஒருத்திதான் போவேன்."

ஆத்திரத்தில் சொன்னதுதான். சொன்ன பிறகு இருவருமே கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். லாரே நூற்று நாற்பது பவுண்டு, படுக்கையும் துணிமணியும் ஒரு ஐம்பது. சட்டிகளை இறக்கிவிட்டு அவள் மட்டும் ஏறினால் மஞ்சள் சீட்டுக்குள் சரியாக அடங்குகிறது.

வழக்கம்போல் வெர்டாவும் பிளேனும் ஏரிக்குப் போகும் வழியில் லாரே வீட்டில் வந்து ஒரு நாள் தங்கினார்கள். காலையில் லாரே கேம்பரோடு கிளம்பினாள். பிளேனின் எதிர்க் கம்பெனி வண்டிப் பின்சீட்டில், மடியில் ஒரு சட்டியும் காலடியில் மூன்றுமாக ஆர்வெல் உட்கார்ந்தான். பிளேன் கண்ணாடியில் அவனைப் பார்த்து, "மூக்கப் பிடிச்சுக்கிறியா ஆர்வெல், ஜன்னலத் தொறக்கட்டுமா?" என்றான்.

ஏரிக்கு முந்தின கடைசித் திருப்பத்தில் ஸ்டாடர்ட் ஆண்கள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். யார் எந்த வண்டியில் வருகிறான் என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்வது அவர்கள் வழக்கம். அதற்குச் சற்று முன்னால் ஆர்வெல் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டான். பின்னால் வந்த லாரே, அந்தப் பெரிய உடம்பு வேர்த்து விறுவிறுத்து மேட்டில் ஏறுவதைப் பார்த்தாள். ஏற்றிக்கொள்ள வழியில்லை. ஜன்னலை இறக்கி, "சட்டி எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"பிளேன்கிட்ட."

"அப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தெரிந்துதான் இருந்தது. பிளேன் அந்த நான்கு சட்டிகளையும் வண்டியின் முன்மூடிமேல் வரிசையாக வைத்துக் காத்திருந்தான்.

லாரே கைப்பிடியைச் சுற்றிக் கூரையை எழுப்பினாள். வெர்டா ஏறிக் கட்டிலில் உட்கார்ந்தவள் இறங்க மனமில்லை என்றாள். அக்கா தங்கை இருவரும் அதிலேயே படுத்துக்கொண்டார்கள். ஆர்வெலுக்குக் கூடாரமும் தரையும்.

மறுநாள் காலை அவனால் எழமுடியவில்லை. பிளேனும் இன்னும் இரண்டு பேரும் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. லாரே கேம்பர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்வாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவளோ பிளேன் பக்கம் திரும்பி, ரூலன் கடைக்கு எதிரே நிற்கும் அந்த முரட்டு வண்டிக்கு ஸ்பிரிங் எப்படி, பிரேக் எப்படி என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆர்வெல் இந்த முறை அப்பாவைப் பேச்சில் இழுக்கவில்லை. "அது என்ன நிறம்?" என்று மட்டும் கேட்டான்.