ஊசி குத்தினால் பேசிக்கொண்டே இருக்கலாம்

"அந்த ஓரத்து வரிசை யாருக்கு? ஒங்க மாமியாருக்கா? அதையும் வெட்டு லா!"

தேயிலை வெட்டும் மெஷின் எவ்வளவு இரைந்தாலும் விக்னேஸ்வரியின் குரல் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்த மலேசிய எஸ்டேட்டில் அவள் மண்டோர், ஆட்களை மேய்ப்பவள். மேட்டுப் பாதையிலேயே நிற்பாள். குரல் மட்டும் சரிவில் இறங்கிப் போய் வேலை வாங்கும். அவளிடம் வேலை செய்யும் வங்காளதேசத்து இளைஞர்களுக்குத் தமிழில் தெரிந்ததெல்லாம் வசவுகள்தாம். அவற்றை ஒருவருக்கொருவர் மிகுந்த மரியாதையோடு சொல்லிக்கொள்கிறார்கள்.

அந்தக் குரல் புறப்படும் இடத்தில் கொய்யாக்காய் அளவில் ஒரு கட்டி. அவள் பேசும்போது அதுவும் ஏறி இறங்கும், ஆமாம் போடுவதுபோல. எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மூச்சுக்குழலை நெரிக்கும் என்று ஈப்போ ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, பார்த்துத்தான் வெட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள். அதற்குமேல் அவள் எதையும் காதில் வாங்கவில்லை. குரல் போன மண்டோரை எந்த மேனேஜர் வைத்துக்கொள்வார்?

பக்கத்து ஊரான திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருக்கும் சீனக் கிழவர் அவள் முழங்கால் வலிக்குச் சீன வைத்திய முறைப்படி ஊசி குத்துகிறவர். அவர்தான் ஆசை காட்டினார். அந்தக் காலத்தில் சீனாவில் கையிலும் காலிலும் ஊசி குத்திவிட்டே கழுத்தைத் திறப்பார்களாம். நோயாளி விழித்தபடி டாக்டரோடு பேசிக்கொண்டிருப்பாராம். குரல் கொஞ்சம் பிசகினாலும் கத்தி நின்றுவிடுமாம்.

அன்றிலிருந்து தொழிலாளர் லயம் முழுக்க அவள்தான் டாக்டர். "தூங்க வச்சா ரத்தமும் தூங்கிரும் லா. ஊசின்னா அது பாட்டுக்கு ஓடும், நான் பாட்டுக்குப் பேசுவேன்."

"வெட்டுற டாக்டருக்கு மயக்கம் வந்துருமே," என்றார் கணவர் சின்னையா. வீட்டில் அவருக்குக் கிடைக்கும் இடைவெளி அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் சசிரேகா பொறுமைசாலி. "ஊசியில வலி முழுசா போகாது ஆன்ட்டி. வலிச்சா பிரஷர் ஏறும். கழுத்துல ரத்தம் கசிஞ்சு மறைச்சா நரம்பு எங்கன்னே தெரியாது. நீங்க தூங்குங்க, ரத்த ஓட்டத்த நான் பாத்துக்குறேன்."

"ரத்தத்த நீ பாத்துக்குவ. கொரல யாரு பாத்துக்குவா?"

"அதுக்கு ஒரு மெஷின் இருக்கு. நரம்பத் தொட்டா சத்தம் போடும்."

தன் கழுத்தில் தனக்குப் பதிலாக இன்னொன்று சத்தம் போடுவதை அவள் ரசிக்கவில்லை. கையில் பட்டை கட்டிப் பிரஷர் பார்த்தார்கள். ஏகத்துக்கு ஏறியிருந்தது.

"பாருங்க ஆன்ட்டி, நாங்க இன்னும் கத்தியவே காட்டல."

விக்னேஸ்வரி பட்டையைத் தானே பிய்த்துப் போட்டாள். தூங்கச் சம்மதித்தாள்.

கட்டியை எடுத்தாகிவிட்டது. மெஷின் சத்தமே போடவில்லை, நரம்பு பத்திரம் என்றார் சசிரேகா. "ஒரு வார்த்த பேசுங்க ஆன்ட்டி, பாப்போம்."

கழுத்துக் கட்டோடு படுத்திருந்தவள் வாயைத் திறந்தாள். மூடினாள். பேசிப் பார்க்காதவரை குரல் போய்விடவில்லை.

"பேசு புள்ள," என்றார் சின்னையா. "என்னத் திட்டவாவது திட்டு." பதில் வராத தைரியத்தில் மேலே போனார். தோட்டத்தில் இவள் இல்லாமல் எல்லாரும் சொன்ன பேச்சைக் கேட்கிறார்களாம். மேனேஜர்கூடச் சிரிக்கிறாராம். மழைகூட நேரத்துக்கு…

சொட்டு மருந்து ஏறும் கையைத் தூக்கி விக்னேஸ்வரி அவர் வாயை இறுகப் பொத்தினாள். பிறகு, கண்ணை மூடிக்கொண்டு, மெல்ல உதடுகளைப் பிரித்தாள்.