கடைசி வாய்த் தண்ணீர்

இது நடந்தது. யாருக்கு நடந்ததோ அவளை எனக்கு நன்றாகத் தெரியும். வேலை இடத்தில் அவள் முக்காலிக்கும் என் முக்காலிக்கும் நடுவில் ஒரு நுண்ணோக்கிதான் இருக்கிறது. பேய் என்றால் நள்ளிரவு, நாய் ஊளை, கிரீச்சிடும் கதவு என்று எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்து போவீர்கள். இது நடந்தது ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், மணி மூன்று. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டுக்கொண்டே இதைப் படிக்காதீர்கள். அப்புறம் என்னைத் திட்டிப் பிரயோசனம் இல்லை.

நாங்கள் வேலை பார்ப்பது ஒரு பரிசோதனைக் கூடத்தில். ஊராருடைய சளியும் சிறுநீரும் மலமும் சின்னச் சின்ன டப்பாக்களில் எங்கள் மேஜைக்கு வரும். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் சோப்பு. கையுறையோடு ஒரு தடவை கழுவுவாள். கழற்றிவிட்டு ஒரு தடவை கழுவுவாள். குழாயைத் தொட்டுவிட்டோமே என்று இன்னொரு தடவை கழுவுவாள். அடுத்தவர் வாய் வைத்த டம்ளரைக் கண்டால் முகம் அஷ்டகோணலாகிவிடும்.

இப்படிப்பட்டவளை வளர்த்தது யார் தெரியுமா? எச்சில் என்றால் என்ன என்று கேட்கக்கூடிய ஓர் அத்தை.

சோப்புக்கு ஐந்து வயதில் அம்மா இறந்துபோய்விட்டார். கொஞ்ச காலம் கழித்து அப்பா இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். வந்த சித்தி சும்மா வரவில்லை, முதல் கணவருக்குப் பிறந்த ஒரு பையனையும் கூட்டிக்கொண்டு வந்தார். இவளைவிட ஒரு வயது சின்னவன். "உங்கப்பா", "எங்கம்மா" என்று அலமாரித் தட்டு வரைக்கும் பங்கு பிரித்து இரண்டும் அடித்துக்கொண்டன. பையன் தன் பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்த டம்ளரில்தான் தண்ணீர் குடிப்பான். தூங்கும்போது அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வான்.

அப்பாவின் அக்காதான் அந்த அத்தை. கல்யாணம் ஆகாமல் அவர்களோடேயே இருந்தார். ஒருநாள் அந்த டம்ளரைப் பிடுங்கினார். தண்ணீர் ஊற்றி, வாய் வைத்துப் பாதியைக் குடித்தார். மிச்சத்தை இவளிடம் நீட்டினார். இவள் குடித்ததும் அடியில் இருந்ததை அவனிடம் நீட்டினார்.

"அருவருப்பு பாக்கறவங்க விருந்தாளிங்க," என்றாராம். "வீட்டு ஆளுங்க பாக்கமாட்டாங்க. நீ யாருன்னு நீயே சொல்லு."

பையன் அழுதுகொண்டே குடித்தான். அன்றிலிருந்து அவன் இவளுக்குத் தம்பி. இன்றுவரைக்கும் தம்பிதான்.

அத்தையிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. பிள்ளைகள் முகத்தில் எது ஒட்டியிருந்தாலும் கட்டைவிரலை வாயில் வைத்து 'ச்ப்' என்று நனைத்து, அந்த விரலாலேயே துடைத்துவிடுவார். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு ஊறிக்கொண்டிருக்கும். அந்தக் காரமும் பழைய எச்சிலின் புளிப்பும் கலந்த ஒரு வாடை கன்னத்தில் காய்ந்துபோய் இழுக்கும். சோப்புக்கு அது குமட்டும். அந்த அத்தை என்றால் உயிரையும் விடுவாள், அது வேறு. "அந்த வீட்ல நான் வேற ஒருத்தி பெத்த பொண்ணுன்னு ஒருநாள்கூட என்னை நினைக்கவிடாத மனுஷி," என்று என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். கடைசிக் காலத்தில் இருமல் முற்றிப்போய், அத்தை போன வருடம் இறந்தார். சோப்பு என் தோளில் சாய்ந்து அழுதாள். அழுது முடித்ததும் போய் முகம் கழுவிக்கொண்டாள்.

இப்போது அவளே ஒரு சித்தி. மனைவியை இழந்த ஒரு பேருந்து ஓட்டுநரைக் கல்யாணம் செய்துகொண்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. அவருக்கு ஆறு வயதில் ஒரு பெண். உருண்டை முகம், கூப்பிடும் பெயர் பட்டாணி. மூக்கு மட்டும் எந்நேரமும் ஒழுகிக்கொண்டிருக்கும்.

வந்த புதிதில் பட்டாணி ஒரு பிஸ்கட்டைக் கடித்து, எச்சில் ஒழுக ஒழுக, மிச்சத்தை இவளிடம் நீட்டியிருக்கிறது. "நீயே சாப்பிடு கண்ணு," என்றாள் சோப்பு. சொன்னதோடு விட்டாளா? பிள்ளையின் கை பட்ட விரலைப் புடவையில் துடைத்தாள். பட்டாணி அதைப் பார்த்துவிட்டது. அதற்கப்புறம் அது எதையும் நீட்டவில்லை. "வாங்க", "போங்க", "சரிங்க" என்று மரியாதையாகப் பேச ஆரம்பித்துவிட்டது.

பிள்ளையின் பெரியம்மா அடிக்கடி போன் செய்வார். "ஒட்டலைன்னா எங்கிட்டயே விட்டுடுங்க." ஓட்டுநரும், "இந்த மாசம் பார்ப்போம்," என்று சொல்லிவிட்டார். சோப்புக்குத் தூக்கம் போனது. பிள்ளை வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. கை என்னவோ குழாயைத் தேடியே போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டுநர் வண்டியோடு போயிருந்தார். மத்தியானம் பட்டாணி ரொட்டியும் ஜாமும் சாப்பிட்டது. மூக்குச் சளியும் ஜாமும் சேர்ந்து கன்னம் முழுக்கப் பிசுபிசுவென்று இருந்தது. சோப்பு ஈரத்துணியோடு போனாள். பட்டாணி முகத்தைத் திருப்பிக்கொண்டு, அப்படியே போய்ப் படுத்துவிட்டது. சோப்பு வாசல் கதவை உள்தாழ் போட்டாள், முன்னறை நாற்காலியில் சாய்ந்தாள்.

சரியாக மூன்று மணிக்கு விழிப்பு வந்தது.

ஏதோ ஒரு சத்தம்.

'ச்ப்.'

குழாய் சொட்டுகிறது என்று நினைத்தாள். சமையலறைக்குப் போய்ப் பார்த்தாள். குழாய் இறுக மூடியிருந்தது. கை கழுவும் தொட்டியில் மட்டும் ஏதோ கிடந்தது. மஞ்சளும் பச்சையுமாக, கட்டியாக, புதுச் சளி. நாங்கள் தினமும் பார்க்கிற சமாசாரம்தான். ஆனால் அங்கே அதற்கு மூடி இருக்கும், மேலே எண் ஒட்டியிருக்கும். இது வீடு. உள்ளே இருப்பது இவளும் ஒரு சின்னப் பிள்ளையும். ஆறு வயதுப் பிள்ளையின் நெஞ்சில் அவ்வளவு சளி இருக்காது.

தண்ணீரைத் திறந்துவிட்டாள். அது வழுக்கிக்கொண்டு நகர்ந்ததே தவிரப் போகவில்லை. சல்லடையில் ஒட்டிக்கொண்டு நூல் மாதிரி நீண்டது.

மறுபடியும்.

'ச்ப்.'

படுக்கையறையிலிருந்து...

எட்டிப் பார்த்தாள். பட்டாணி மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் வெயில் நேராக முகத்தில் விழுந்தது. ஒரு கன்னத்தில் ஜாமும் சளியும் அப்படியே இருந்தன. இன்னொரு கன்னம் சுத்தமாக, ஈரமாகப் பளபளத்தது.

அறை முழுக்கக் கிராம்பு வாடை. அதோடு அந்தப் புளிப்பு...

சோப்பு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே...

பிள்ளையின் அழுக்குக் கன்னத்தில் ஒரு குழி விழுந்தது.

கட்டைவிரல் அளவுக் குழி.

அது அழுந்தியது. தோலை இழுத்துக்கொண்டு காதுவரை போனது. போன வழியெல்லாம் எச்சில் கோடு.

பட்டாணி தூக்கத்தில் சிரித்தது.

"அத்தை..." என்றாள் சோப்பு.

'க்ஹ்ஹ்... க்ஹ்ஹும்...'

தொண்டையைச் செருமும் சத்தம். கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து. அங்கே சுவர்தான் இருந்தது.

பட்டாணி கண்ணைத் திறந்தது. எழுந்து உட்கார்ந்தது. பக்கத்து முக்காலியில் ஒரு கண்ணாடி டம்ளர். சோப்பு வைத்தது இல்லை. அதில் கொஞ்சம் குடித்த தண்ணீர். விளிம்பில் ஒரு பெரிய வாயின் தடம், எண்ணெய்ப் பிசுக்காக. தண்ணீருக்குள் மஞ்சளாக ஒரு இழை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

பட்டாணி அதை எடுத்து ஒரு வாய் குடித்தது.

பிறகு இவளிடம் நீட்டியது.

"நீங்க குடிக்கணுமாம்."

"யாரு சொன்னா?"

"அவங்க. குடிச்சா நான் உங்க பொண்ணாம்."

"இல்லன்னா?"

பட்டாணி சுவர்ப் பக்கம் திரும்பி, கேட்பது போல இருந்தது. தலையை ஆட்டியது.

"இல்லன்னா நான் அவங்களோட போகணுமாம்."

சோப்பு டம்ளரை வாங்கினாள்.

கண்ணை மூடிக்கொண்டாள்.

குடித்தாள்.

வெதுவெதுப்பாக இருந்ததாம். கொழகொழவென்று இருந்ததாம். அந்த இழை பாதி தொண்டைக்குள் இறங்கி, மீதி நாக்கிலேயே நின்றுவிட்டதாம். உள்ளே போகவும் மாட்டேன், வெளியே வரவும் மாட்டேன் என்று. அவள் விழுங்கினாள். குமட்டிக்கொண்டு வந்ததை மறுபடியும் விழுங்கினாள். எழுதுகிற எனக்கே வாயில் எச்சில் ஊறியது, துப்பிவிட்டு வந்தேன்.

அடியில் ஒரு வாய்த் தண்ணீர்தான் பாக்கி. அங்கேதான் அவள் கை நின்றது.

அருவருப்பால் இல்லை. அதையெல்லாம் அவள் தாண்டிவிட்டாள். எங்கள் தொழில் புத்தி. இதில் என்ன இருக்கிறது, பிள்ளையும் குடித்திருக்கிறதே, நோய்க்கிருமி ஏதாவது போயிருந்தால் என்ற யோசனை. மாதிரி இல்லாமல் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. அவள் கைப்பையில் எப்போதும் ஒரு காலி டப்பா கிடக்கும். அந்தக் கடைசி வாயை அதில் ஊற்றி மூடியைத் திருகினாள். உலகத்தில் வேறு யாருக்கும் அந்த நேரத்தில் இது தோன்றியிருக்காது.

"அது எதுக்கு?" என்றது பட்டாணி.

"சும்மா கண்ணு."

சுவர்ப் பக்கம் ஒரு பெருமூச்சு மாதிரி கேட்டது. கிராம்பு வாடை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. பட்டாணி கட்டிலிலிருந்து தாவி இவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. "அம்மா," என்றது. மூக்கை இவள் தோளில் தேய்த்துத் துடைத்தது. சோப்பு அதைத் துடைத்துக்கொள்ளவில்லை.

திங்கள்கிழமை காலையில் என்னிடம் இதையெல்லாம் சொன்னபோது அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "செத்தும் என்னைக் கைவிடலை பாரு எங்க அத்தை," என்றாள். அதோடு, "வாயை எத்தனை தடவை கொப்பளிச்சும் அந்த ருசி போகலைடி," என்று தேநீரை அப்படியே வைத்துவிட்டாள். நான் நம்பவில்லை. டப்பாவைப் பார்த்த பிறகும் முழுசாக நம்பவில்லை.

இருவரும் சேர்ந்து கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றிப் பார்த்தோம். காசநோய்க் கிருமி இல்லை. பயப்படும்படி எதுவும் இல்லை. வாய்க்குள்ளிருந்து உதிரும் சாதாரணத் தோல்தான் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. சோப்பு நிம்மதியாக மூச்சு விட்டாள். டப்பாவில் இருந்ததைப் பிளீச்சிங் வாளியில் கொட்டினாள். பரிசோதனை முடிந்த எதையும் நாங்கள் வைத்துக்கொள்வது இல்லை.

மத்தியானம் தம்பியைப் போனில் கூப்பிட்டாள். கையில் கையுறை இருந்ததால் போனை மேஜையில் வைத்து, சத்தம் வெளியே கேட்கும்படி போட்டாள். அதனால்தான் எனக்கும் கேட்டது.

"டேய், அத்தை வந்தாங்கடா."

அவன் கிண்டல் செய்வான் என்று நான் நினைத்தேன்.

"டம்ளரை நீட்டினாங்களா?" என்று கேட்டான்.

சோப்பு என்னைப் பார்த்தாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"குடிச்சியாக்கா?"

"குடிச்சேன்."

"முழுசாவா?"

"ஒரு வாய் மட்டும் எடுத்து வெச்சேன். டெஸ்ட் பண்ண."

"அது இப்ப எங்க?"

"கொட்டியாச்சு."



"ரெண்டு மாசம் முன்னாடி இங்க வந்தாங்க," என்றான். "என் பையன் கையில டம்ளரைக் குடுத்து அனுப்பினாங்க. நானும் குடிச்சேன். கடைசி வாய் முடியலைக்கா, குமட்டிடுச்சு. தொட்டியில ஊத்திட்டேன்."

"பையன் நல்லாத்தானே இருக்கான்?"

"இருக்கான். சாப்பிடறான், ஸ்கூலுக்குப் போறான். ஆனா எங்களை 'வாங்க, உட்காருங்க'ங்கறான். எங்க வீட்லயே. சாயங்காலம் ஆனா பக்கத்துல வந்து நின்னு, 'எப்பக் கிளம்பறீங்க'ன்னு கேக்கறான். அப்பான்னு கூப்பிடறதே இல்ல. யாருகிட்டக்கா சொல்லுவேன் இதை?"

சோப்பு கையுறையை உருவி எறிந்துவிட்டு ஓடினாள். அவள் கை கழுவாமல் எங்கள் கூடத்துக் கதவைத் தாண்டிப் போனதை அன்றுதான் பார்த்தேன்.

சாயங்காலம் ஆறரை மணிக்கு அவள் வீட்டுக்குப் போன் செய்தேன். எடுத்தது பட்டாணி.

"அம்மா இருக்காங்களா கண்ணு?"

"யாரு... அவங்களா?" கொஞ்சம் யோசித்தது. "இருக்காங்க. ஹால்ல உட்கார வெச்சிருக்கேன். எப்பக் கிளம்புவாங்கன்னுதான் தெரியலை."

பிறகு இருமியது.

குரல் பட்டாணியுடையதுதான். அந்த இருமல் ஆறு வயதுப் பிள்ளையுடையது இல்லை.

"நீங்களும் வாங்களேன்," என்றது. "ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

அதற்குப் பின்னால், கொஞ்ச தூரத்தில், சோப்பு அழுதுகொண்டிருந்தாள்.